லாரி வேணாம்ணே

செவ்வாயும் சனியும் வந்தால் புருஷோத்தமன் வீட்டில் அடுப்பு பற்றுவதற்கு முன்பே காரின் பின்சீட்டு தயாராகிவிடும். இரண்டு தலையணை, ஒரு போர்வை, அளந்து ஊற்றிய அரை பாட்டில் தண்ணீர். அவன் மனைவி செந்தமிழுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு முறை பாண்டிச்சேரி போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் எப்போது இடம் காலியாகுமோ அப்போதுதான். போன ஐப்பசி மழையில் ஒருமுறை அப்படித் தவறிப்போனது. கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, விடிகிற வரைக்கும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். புருஷோத்தமன் அதை மறக்கவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரிவிட வேண்டும் என்று ஆணும் பெண்ணும் பாத்திகளில் இறங்கி, நீளப் பலகையால் இழுத்து இழுத்து வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அளத்தை ஒட்டியே புருஷோத்தமனின் வீடு. செந்தமிழைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காரருகே நிறுத்திச் சாவியின் பொத்தானை அழுத்தினான். கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினான். காருக்குக் காது கேட்டதாகத் தெரியவில்லை.

சாவிக்குள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்து அவளைப் பின்னால் உட்கார வைத்த பிறகுதான் சங்கதி விளங்கியது. முந்தைய நாள் சாயங்காலம் மருந்துப் பெட்டியை எடுத்துவிட்டு டிக்கியைச் சரியாக அழுத்தி மூடவில்லை. உள்விளக்கு ராத்திரி முழுக்க எரிந்து, பேட்டரியைக் குடித்து முடித்திருந்தது.

அது பெட்ரோலிலும் கரண்டிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் கார். பள்ளம் மேட்டில் செந்தமிழுக்கு அலுங்காமல் இருக்கிறது, டீசல் காரைப் போல ஊளையிடுவதில்லை என்பதற்காகவே தேடிப்பிடித்துப் பழையதாக வாங்கியது. அதில் பேட்டரி இரண்டு. சக்கரத்தைச் சுழற்றுவது பெரியது. காரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுவது, மற்ற கார்களில் இருப்பது போன்ற ஒரு சின்ன பேட்டரி. சின்னது செத்துவிட்டால் பெரியது எவ்வளவு நிறைந்திருந்தும் பிரயோஜனம் இல்லை. வீட்டுக்குள்ளே நெல் மூட்டை அடுக்கியிருக்க, வாசல் சாவியைத் தொலைத்துவிட்டுப் பட்டினி கிடப்பது மாதிரி.

இதெல்லாம் புருஷோத்தமனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. கார் வாங்கிய அன்றே பாண்டிச்சேரி மெக்கானிக் அவனை முன்பக்கம் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தியிருந்தான். இது சிவப்பு மூடி, இங்கே பாசிட்டிவ். இது என்ஜின் பக்கத்து வெறும் இரும்பு, நெகட்டிவை இங்கே மாட்டு, பேட்டரி மேலே மாட்டாதே. ஆரஞ்சு நிறத்தில் தடியாகப் போகிற ஒயர் எதையும் தொடாதே, அது உயிரை வாங்கும். இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் எடுத்தால் பன்னிரண்டு வோல்ட் வண்டியாகப் பார்த்து எடு. லாரிப் பக்கம் மட்டும் போகாதே, அதில் இருபத்துநாலு. புருஷோத்தமன் அன்றைக்கும் தலையாட்டினான், ஆனால் அன்றைக்கு ஆட்டியது புரிந்து ஆட்டியது.

மற்ற நாட்களில் அவன் ஆட்டுவது வேறு வகை. அவனுக்கு எதிரே நிற்பவர் வயதில் பெரியவராக இருந்துவிட்டால் போதும், வாயில் கொழுக்கட்டை வந்து அடைத்துக்கொள்ளும். மீசை வேண்டாம் என்று மாமனார் சொன்னதற்கு மீசையை எடுத்தவன். இனிப்பு ஆகாத உடம்பை வைத்துக்கொண்டு, பந்தியில் சித்தப்பா நின்று பரிமாறினார் என்பதற்காக மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தவன். ஊரில் அவனுக்கு ரொம்ப நல்ல பெயர். இப்படிப்பட்டவர்களுக்கு எப்போதுமே நல்ல பெயர்தான் இருக்கும். அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அன்று முகூர்த்த நாள். வாடகைக் கார்க்காரர்களுக்கு போன் போட்டதில், எல்லோருமே கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மெக்கானிக் பாண்டிச்சேரியிலிருந்து கிளம்பி வந்து சேர மத்தியானம் ஆகும் என்றான். பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டு போகிற நிலையில் செந்தமிழ் இல்லை. பக்கத்தில் ஏதாவது சின்ன வண்டி இருக்கிறதா பார் என்று மெக்கானிக் சொல்லி வைத்தான்.

இருந்தது. ரோட்டோரத்தில் மீன் வியாபாரி பக்கிரியின் குட்டியானை நின்றுகொண்டிருந்தது. மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றும் சின்ன லோடு வண்டிக்கு ஊரில் அதுதான் பெயர். பன்னிரண்டு வோல்ட் வண்டி. நல்ல கேபிளும் வைத்திருப்பான். அவனைக் கூப்பிடலாம் என்று புருஷோத்தமன் கையைத் தூக்கும்போது, வரப்பு மேல் அவன் பெரியண்ணன் தெய்வசிகாமணி வந்துகொண்டிருந்தார்.

தெய்வசிகாமணி கெட்டவர் இல்லை. அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்துவைத்து, தன் உப்பளத்திலேயே கணக்குப் பார்க்கும் வேலையும் கொடுத்தவர். தம்பி மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தவர். அவருக்கு ஒரே ஒரு குறை, லாரியின் மேல் வைத்திருந்த அளவு கடந்த நம்பிக்கை. அதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த அளத்தில் எது நின்றாலும் லாரிதான் வந்து கிளப்பிவிடும். உப்புத் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜின், டிராக்டர், ஒருமுறை திருவிழா ஜெனரேட்டர். என்ஜினுக்கும் டிராக்டருக்கும் எந்த பேட்டரி, லாரியில் எத்தனை பேட்டரி என்று யாரும் பார்த்ததில்லை, டிரைவர் கொளஞ்சி ஏதோ ஒரு ஒயரை எங்கேயோ மாட்டுவான், கிளம்பிவிடும். லாரி வந்தால் எல்லாம் கிளம்பும் என்பது அங்கே சாமி கும்பிடுவது போன்ற பழக்கமாகியிருந்தது.

விஷயத்தைக் கேட்ட தெய்வசிகாமணி தம்பியைப் பார்க்கவில்லை, செந்தமிழைத்தான் பார்த்தார். அவள் முகம் காலையிலேயே உப்பியிருந்தது.

"இதுக்கா இவ்ளோ நேரம் நிக்கறே? லாரிய கூப்புட வேண்டியதுதானடா."

பக்கிரி அதற்குள் தானாகவே இறங்கி வந்து, தன் வண்டியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். லாரி இருக்கும்போது குட்டியானை எதற்கு, நீ போய் மீன் வியாபாரத்தைப் பார் என்று தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். பெரிய வண்டியில் பெரிய பலம் என்பது அவர் கணக்கு. சரிதானே என்பது போல அளத்து ஆட்களும் பார்த்தார்கள். எல்லோரும் புருஷோத்தமனையும் பார்த்தார்கள். அவன் தலை, பழக்க தோஷத்தில், மேலும் கீழும் ஆடியது.

ஆனால் மனசு ஆடவில்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அண்ணன் மனம் நோகவும் கூடாது. இப்படிப்பட்ட ஆட்கள் வழக்கமாகப் பிடிக்கிற வழியைத்தான் அவனும் பிடித்தான். சாக்கு தேடினான்.

வரப்பு ஈரமாக இருக்கிறது, லாரி இறங்கினால் புதைந்துவிடும் என்று முதலில் சொன்னான். நியாயமான பேச்சுதான் என்று ஆட்கள் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்ட கையோடு நாலு பேர் ஓடி, உப்பு மூட்டை ஏற்றும் பலகைகளைக் கொண்டுவந்து வழிநெடுகப் போட்டார்கள். லாரி ஆடி அசைந்து வந்து காருக்கு எதிரே நின்றது. ஒயர் எட்டாதே என்றான். உப்பு வாரிக்கொண்டிருந்த அருக்காணி பாத்தியிலிருந்து ஏறி, இறைப்பு என்ஜின் கொட்டகைக்குப் போய், ஒரு பெரிய ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் காலெல்லாம் உப்பு வெடிப்பு. அந்தக் காலோடு அவ்வளவு தூரம் நடந்து வந்தவளிடம் என்ன சொல்வது? ரெண்டு ஒயரும் கறுப்பாக இருக்கிறதே, எது எதுவென்று தெரியாதே என்றான். கொளஞ்சி சாக்கு தைக்கும் சிவப்பு நூலை எடுத்து ஒன்றில் கட்டிவிட்டு, இப்போது தெரிகிறதா சின்னவரே என்று அன்பாகக் கேட்டான்.

சாக்குச் சொல்லச் சொல்ல உதவி வந்துகொண்டே இருந்தது. ஊர் முழுக்கக் கெட்டவர்களாக இருந்தால்கூட மனிதன் தப்பித்துவிடலாம். இத்தனை நல்லவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வான்?

செந்தமிழ் பின்சீட்டு ஜன்னல் வழியாக அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் சுருக்கமாகத்தான் பேசினாள்.

"ஏங்க, லாரிப் பக்கம் போவாதன்னு மெக்கானிக் சொன்னான்னீங்களே?"

"தெரியும்."

"அப்ப மாமாகிட்ட சொல்லுங்க."

"எப்பிடிச் சொல்றது? இத்தினி பேரு முன்னாடி."

அவள் போர்வையை விலக்கிவிட்டுக் கதவைத் திறக்கப் பார்த்தாள். தானே இறங்கிச் சொல்லிவிடுவது என்று கிளம்பிவிட்டாள் போலிருந்தது. இறங்கி நிற்பதே அவளுக்குக் கஷ்டம். புருஷோத்தமன் கதவை மெல்லச் சாத்தி, இரு இரு என்றான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

கொளஞ்சி லாரியின் இரண்டு பேட்டரிகளிலும் ஒயரை மாட்டிவிட்டு வந்தான். மறுமுனையில் இருந்த இரண்டு கிளிப்புகளையும் ஒன்றோடொன்று லேசாக உரசிப் பார்த்தான். நீலமாகப் பொறி பறந்தது. பொறி பறந்தால் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம், அப்படித்தான் அங்கே சோதிப்பார்கள். ஆட்கள் திருப்தியாகத் தலையசைத்தார்கள். பிறகு கொளஞ்சி கார் பேட்டரியின் மேலே குனிந்தான். உப்புக் காற்றில் பூத்துக் கிடந்த முனையைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனான். ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. கொளஞ்சிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். உப்பு வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து அவன் கண்கள் ஏற்கெனவே சிவந்து கிடந்தன.

புருஷோத்தமன் அந்தக் கண்களைப் பார்த்தான். காருக்கு என்ன ஆகும் என்றுதான் அதுவரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தான். குனிந்திருப்பவனுக்கு என்ன ஆகும் என்று இப்போதுதான் தோன்றியது. பாய்ந்துபோய்க் கொளஞ்சியின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வெக்காத கொளஞ்சி. பின்னாடி போ." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினான். குரல் உடைந்து வந்தாலும் வந்துவிட்டது. "லாரி வேணாம்ணே."

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தெய்வசிகாமணியின் பேச்சை அத்தனை பேர் முன்னால் அவர் தம்பி மறுப்பதை அந்த அளம் அன்றுதான் பார்த்தது.

"இன்னாடா வேணாம்?"

"லாரில ரெண்டு பேட்டரிய சேத்துக் கட்டியிருக்குது, இருபத்துநாலு வோல்ட். இந்தக் கார் பன்னெண்டு. மாட்னா உள்ள இருக்கற போர்டெல்லாம் கருகிடும். பேட்டரியே வெடிச்சாலும் வெடிக்கும். ஆசிட்டு இவன் மூஞ்சில அடிச்சிருக்கும்."

"ஒனக்கு யாரு சொன்னது?"

"மெக்கானிக் கார் வாங்கனப்பவே சொன்னாண்ணே."

தெய்வசிகாமணி அவனையே பார்த்தார். போட்டிருந்த பலகைகளைப் பார்த்தார், வெடித்த காலோடு நின்ற அருக்காணியைப் பார்த்தார், கையில் கிளிப்போடு நின்ற கொளஞ்சியைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் புருஷோத்தமனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கொளஞ்சியிடம் முதலில் லாரி ஒயரைக் கழற்றிவிட்டு வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பி, தானே குரல் கொடுத்துப் பக்கிரியைக் கூப்பிட்டார்.

குட்டியானை வந்தது. கார் மேல் இடிக்காமல், கேபிள் எட்டும் தூரத்தில் நிறுத்தி என்ஜினை அணைக்கச் சொன்னான் புருஷோத்தமன். சுற்றி நின்றவர்களைத் தள்ளிப் போகச் சொன்னான். தள்ளிப் போகச் சொல்வதற்குக்கூட அவனுக்கு அன்றைக்குத்தான் வாய் வந்தது. சிவப்பு மூடியைத் தூக்கிச் சிவப்பு கிளிப்பைக் காரில் மாட்டினான், அதன் மறுமுனையைக் குட்டியானையின் பாசிட்டிவில் மாட்டினான். கறுப்பை அந்த வண்டியின் நெகட்டிவில் மாட்டிய பின், கடைசி முனையை மாட்டுவதற்குத்தான் கொஞ்சம் திண்டாட்டம். பெயின்ட் இல்லாத வெறும் இரும்பு வேண்டும், பேட்டரியை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். மரக்காணத்துக் காற்றில் துரு ஏறாத இரும்புக்கு எங்கே போவது? என்ஜின் ஓரத்தில் ஒரு போல்ட்டைக் கண்டுபிடித்துத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு வந்த பிறகு மாட்டினான். ஆரஞ்சு ஒயர்ப் பக்கம் கை போகவே இல்லை.

பக்கிரி தன் வண்டியை ஸ்டார்ட் செய்து லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் அப்படியே விட்டார்கள். புருஷோத்தமன் காரில் ஏறி, பிரேக்கை மிதித்து, பொத்தானை அழுத்தினான்.

ஒரு சத்தமும் வரவில்லை.

"போச்சா?" என்றாள் அருக்காணி.

"கெளம்பிடுச்சி," என்றான் அவன். முன்னால் தயார் என்று காட்டும் பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது. இந்த வண்டி கிளம்பினால் இப்படித்தான், சத்தம் போடாது என்று அவன் சொன்ன பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. உறுமாத வண்டியும் ஒரு வண்டியா என்று முணுமுணுத்துக்கொண்டே ஒயர் சுருளைத் தோளில் போட்டாள். புருஷோத்தமன் மாட்டிய வரிசைக்கு நேர்த் தலைகீழாகக் கிளிப்புகளைக் கழற்றினான். காரை இனி பாண்டிச்சேரி போய்ச் சேரும்வரை அணைக்கக் கூடாது, அங்கே முதல் வேலையாகப் பேட்டரியை மாற்ற வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். செந்தமிழ் தலையணையில் சாய்ந்துவிட்டாள். இப்போது புறப்பட்டால் மெஷின் கிடைத்துவிடும்.

புறப்படுமுன் கொளஞ்சியிடம் போய் நின்றான். என்ன சொல்வது என்று தெரியாமல் அவன் தோளைத் தொட்டான். கொளஞ்சி பரவாயில்லை சின்னவரே, அதான் ஒன்றும் ஆகவில்லையே என்றான். அப்படிச் சொன்னது புருஷோத்தமனை இன்னும் உறுத்தியது.

காரில் ஏறியதும் தெய்வசிகாமணி ஜன்னலருகே வந்தார். அண்ணன் மனம் நொந்திருப்பார் என்று புருஷோத்தமன் முந்திக்கொண்டான். எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றான்.

"வேணாம்னு சொன்னதுக்கு எனக்கு ஒண்ணும் கோவமில்லடா," என்றார் அவர். அவருக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது. "பலகை போட்டாங்க, ஒயர் வந்துச்சி, கொளஞ்சி குனிஞ்சான். அதுவரைக்கும் எல்லாம் தெரிஞ்சிக்கிட்டே நின்னியே, அதத்தான் என்னால தாங்க முடியல. என் மொகம் வாடக் கூடாதுன்னு அவன் மொகத்த பணயம் வெச்சிட்டியேடா. அதுக்குப் பேரு மரியாதையா?"

புருஷோத்தமன் தள்ளி நின்ற கொளஞ்சியைப் பார்த்தான், அண்ணன் தொடர்ந்தார்.

"என் மேலயும் தப்பிருக்குது. என்கிட்ட யாரும் வேணாம்னு சொன்னதே கெடையாது. அதனால எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்." அவர் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு உள்ளே செந்தமிழைப் பார்த்தார். "பெரியவங்க தப்புப் பண்ணா பெரியவங்கன்னு பாக்காத. அங்கியே அப்பவே சொல்லு. வாய மூடிக்கினு தலையாட்டறவன் எனக்கு மரியாத குடுக்கல, என்னைப் படுகுழியில தள்றான். புரிஞ்சிதா?"

புருஷோத்தமனின் தலை பழக்கத்தில் ஆடப் பார்த்தது. அவன் அதை நிறுத்திக்கொண்டான்.

"புரிஞ்சிதுண்ணே. தப்பு என்னுதுதான்," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தான்.